கான்டஸாவின் பின் சீட்டு

மாரிச்செல்வி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். வண்டியை நான் ஓட்டுகிறேன். ஆனால் எங்க அய்யா பின் சீட்டில் உட்கார்ந்து வரவேண்டும்.

பாண்டித்துரைக்கு அது மண்டையில் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒங்கப்பன் இருளாண்டி எதுக்கும்மா? தொணைக்குன்னா முன்னாடி ஒன் பக்கத்துல உக்காரட்டும்."

"முன்னாடி இல்ல சார். பின்னாடி, எடது பக்கம். உங்க அப்பா உக்காருவாங்கல்ல, அந்த எடத்துல."

ராமநாதபுரத்தில் அவள் வேலை பார்க்கும் கார் ஷோரூமுக்குள் நின்றுதான் இந்தப் பேச்சு. சுற்றிலும் சீட்டு உறைகூடக் கிழிக்காத பேட்டரி கார்கள். பாண்டித்துரை சிரித்துவிட்டார். "அம்புட்டுத்தான? தாராளமா உக்காரட்டும்." மிச்சச் சில்லறையைக் கடைக்காரனிடமே விட்டுவிட்டுப் போகிறவரின் முகம் அது. செல்வி அந்த முகத்தைக் கவனிக்கத்தான் செய்தாள். ஆனாலும் சரி என்றாள்.

விஷயம் இதுதான். மதுரையில் இருக்கிற ஒரு கார் பிரியர்கள் சங்கம், ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓர் ஊர்வலம் வைத்திருந்தது. 'மஸில் கார் ஊர்வலம்' என்று பட்டணங்காத்தான் ரவுண்டானா வரைக்கும் போஸ்டர். அபிராமத்துக்குத் தெற்கே இருக்கும் அவர்கள் ஊரில், பாண்டித்துரையின் அப்பா வீரபத்திரன் ஆசை ஆசையாக வாங்கி ஓட்டவிட்ட வெள்ளைக் கான்டஸா கார், அவர் செத்த நாளிலிருந்து ஷெட்டுக்குள் கிடந்தது. அதற்கு ஊர்வலத்தில் பேர் கொடுத்திருந்தார் பாண்டித்துரை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அதை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. ஊர்வலத்தில் அது ஓடுவதைப் பார்த்துவிட்டு விலையை முடித்துவிடலாம் என்றிருந்தார் அவர்.

ஓட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. பாண்டித்துரைக்குச் சென்னையில் கிளட்ச் இல்லாத கார் ஓட்டிப் பழகிய கால். கான்டஸாவை அத்தனை வருஷம் ஓட்டிய இருளாண்டிக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. மிச்சம் இருந்தது அவர் மகள். ஆட்டோமொபைல் எஞ்சினியரிங் முடித்தவள். அவர்கள் தெருவிலேயே முதல் பட்டம் அவளுடையதுதான். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் வேலை கேட்டவளிடம், "பொம்பளப் புள்ளைக்கு கவுண்டர்தாம்மா லாயக்கு" என்று மேனேஜர் விற்பனையாளர் பேட்ஜைக் கொடுத்திருந்தார்.

ஊரே பாண்டித்துரையை 'சின்னய்யா' என்று கூப்பிடும். செல்வி மட்டும் சார் என்பாள். அய்யா என்ற சொல் அவளுக்கு ஒருத்தருக்குத்தான். அதைப் பங்கு போட அவளுக்கு மனசில்லை.

அந்தக் கார்மேல் அவளுக்கு இருந்தது ஆசையா, ஆத்திரமா என்று பிரித்துச் சொல்ல அவளாலேயே முடியாது.

சின்ன வயதில் அது முதலில் சத்தமாகத்தான் வரும். கண்மாய்க் கரைத் திருப்பத்தில் கியர் இறங்கி, எஞ்சின் ஒரு உறுமல் உறுமிக் கரை ஏறும். மற்ற வண்டிகள் காதில் கேட்கும். இது நெஞ்சுக்கூட்டில் கேட்கும். தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிட்டு நிற்கும். அடுப்படியில் அம்மா முருகம்மாள், "ஒங்கய்யா வந்தாச்சு" என்று சோற்றுப் பானையை இறக்குவாள். அய்யா காரை ஷெட்டில் விட்டு, துடைத்து, சாவியை வீரபத்திரனின் பெரிய வீட்டில் கொடுத்துவிட்டு நடந்து வந்து சேர்வதற்குள் சோறு ஆறிப்போகும். ஆனாலும் அந்தச் சத்தத்துக்குப் பானை இறக்குவதை அம்மா விட்டதில்லை.

ஷெட்டில் நிற்கும்போதும் அது நிற்கிற மாதிரி இருக்காது. நீளமான மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு, பின்பக்கத்தைக் கொஞ்சம் பதித்துக்கொண்டு, பந்தயத்துக்குக் கயிறு பிடித்து நிறுத்திய மாடு மாதிரி நிற்கும். அம்பாசடர் அதற்குப் பக்கத்தில் நின்றால் கர்ப்பிணிப் பெண் மாதிரி இருக்கும். அய்யா காரைக் கழுவும்போது செல்விக்கு வீல் கப்பைத் துடைக்கிற உத்தியோகம் உண்டு. அதில் அவள் முகம் அகலமாகத் தெரியும். கதவு திறந்திருந்தால் உள்ளிருந்து ஒரு வாசம் வரும். வெல்வெட், பெட்ரோல், விபூதி மூன்றும் கலந்தது. இன்றைக்கும் பெட்ரோல் பங்க் பக்கம் போனால், பாதி வாசம் கிடைத்தும் மீதி கிடைக்காமலும் அவளுக்கு எரிச்சலாக வரும்.

அந்தக் கதவுக்குள் அவள் ஏறியதில்லை. அவள் வீட்டில் யாரும் ஏறியதில்லை, அய்யாவைத் தவிர. மூன்றாம் வகுப்பில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பில் வாய் கோணியபோது கார் ஷெட்டில்தான் நின்றது. மறுநாள் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்காகக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். துடைத்ததே அய்யாதான். அவர் போய்க் கேட்கவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மினி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ஓடுகிற அந்தத் தோளில் இருந்துகொண்டு, திறந்திருந்த ஷெட்டுக் கதவு வழியாக அந்த வெள்ளைக் காரை அவள் பார்த்தாள். காய்ச்சல் மறந்துபோயிற்று. அது மறக்கவில்லை.

இப்போது அதே ஷெட்டுக்குள், லீவு போட்டுவிட்டு வந்து, சுடிதாரின்மேல் அய்யாவின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தாள். டேங்கில் கெட்டுப்போயிருந்த பெட்ரோலை இறக்கினாள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினாள். பிரேக்குக்கு எண்ணெய் மாற்றினாள். இருளாண்டி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால் சத்தத்தை வைத்தே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா, ஆத்தா. ஸ்பேனரு வழுக்குது பாரு."

"நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருய்யா. நாலு வருஷம் இதத்தான் படிச்சேன்."

"இதயுமா படிச்சுக் குடுக்குறாக?" என்று அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

சாவியைத் திருப்பியபோது முதலில் இருமியது. பிறகு செருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. மூலையில் அடைகாத்திருந்த கோழி கத்திக்கொண்டு வெளியே பறந்தது. செல்வி சிரித்துக்கொண்டே அய்யாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

டிக்கியைத் திறந்தபோது உள்ளே அந்த மண் சாக்கு இருந்தது. அதை அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். கான்டஸாவுக்கு எஞ்சின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். மழைக்காலத்தில் கரிசல் சேற்றில் கரை ஏறும்போது வால் லேசாகி, பின் சக்கரம் வெறுமனே சுற்றும். அதற்குப் பாரம் வேண்டும். வீரபத்திரன் வேறு, வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்க் கடலில் முழுக்குப் போடுகிறவர். ஒருமுறை தனுஷ்கோடிக் கரையிலிருந்து ஒரு சாக்கு சேது மண்ணை அள்ளி டிக்கியில் போடச் சொன்னார். காசிக்குக் கொண்டுபோகிற புண்ணிய மண் வண்டியிலேயே கிடந்தால் வண்டிக்கும் காவல், வாலுக்கும் பாரம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அப்புறம் ஒவ்வொரு ஆடிக்கும் மேலே புது மண் சேரும். அடி மண்ணை எடுக்கக்கூடாது, சாமி மண்.

கடலைத் தள்ளி இருக்கிற வெள்ளாமைச் சம்சாரிகள் அவர்கள். மண் என்றால் அவர்களுக்கு மண்தான். அதற்குள் உப்பு இருக்கிறது, உப்பு இரும்பைத் தின்னும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. செல்வி சாக்கை இழுத்தபோது அடியிலிருந்த தகடும் பொருக்குப் பொருக்காகச் சேர்ந்து வந்தது. இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாக ஷெட்டின் தரை தெரிந்தது. பெட்ரோல் டேங்க் பக்கம் பரவவில்லை, வண்டி ஓடும். ஆனால் வாங்குகிறவன் பார்த்தால் வாங்கமாட்டான்.

பாண்டித்துரை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மேல ஒரு ரப்பர் மேட்டப் போட்டு மூடிரு. நீயா வாயத் தொறக்காத."

செல்விக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அய்யா பின் சீட்டில் உட்கார வேண்டும். மேட்டை அளந்து வெட்டிப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டணங்காத்தான் பக்கத்து மைதானத்தில் கார்கள் வந்து நின்றபோது, பார்க்க வந்த கூட்டத்துக்கு எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. கோயம்புத்தூர்க்காரரின் சிவப்பு மஸ்டாங் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து வந்த மூன்று நான்கு கான்டஸாக்கள், ஒன்று கறுப்பில் ஆரஞ்சுக் கோடு போட்டது. நேற்றைக்கு வாங்கின மாதிரி சில பெரிய எஸ்யூவிகள்.

இருளாண்டி புதுச் சட்டை போட்டிருந்தார். வேட்டியும் புதுசு. முருகம்மாள் காலையிலேயே தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டிருந்தாள். கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி, எதிலும் சாய்ந்துகொள்ளாமல் காருக்குப் பக்கத்தில் நின்றார்.

சங்கத்தில் வண்டிகளைச் சோதித்து விடுகிறவர் காஜா நவாஸ். கீழக்கரைக்காரர், துபாயில் அமெரிக்க வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தலை நரைக்கும் வரைக்கும் இருந்துவிட்டு வந்தவர். கோயம்புத்தூர்க்காரர் அவரோடு ஏற்கனவே மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"எட்டு சிலிண்டர் இல்லாத வண்டிய மஸில்னு சொல்றதே தப்புங்க. என்ற வண்டி அஞ்சு லிட்டர் எஞ்சினுங்க. இந்தக் கான்டஸால என்னங்க இருக்குது? நாலே நாலு சிலிண்டரு, நாலு கதவு. குடும்ப வண்டிங்க இது."

"ஒங்க வண்டியவே அமெரிக்காக்காரன் மஸில்னு சொல்ல மாட்டான், முதலாளி," என்றார் காஜா நவாஸ். "அது போனி. மட்டக்குதிரை."

கூட்டம் சிரித்தது. கோயம்புத்தூர்க்காரரும் சிரித்தார், பல்லில் மட்டும்.

"அப்ப மஸிலுன்னா எது பாய்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அந்தக் காலத்துல அவன் என்ன செஞ்சான்? பொண்டாட்டி புள்ளையோட கடைக்குப் போற சாதாரண நடு சைஸுக் காரு. பெரிய காருல வைக்க வேண்டிய எஞ்சினத் தூக்கி அதுக்குள்ள வச்சான். மத்தபடி ஒரு சொகுசும் கெடையாது. ஏசி கேட்டா அடிக்க வருவான். அதனாலதான் வெல கம்மி. ஃபேக்டரில நட்டு முடுக்குற பயலே சம்பளத்துல வாங்கிட்டு, ஞாயித்துக்கெழமை ரோட்டுல போயி டயரைத் தேச்சுட்டு வருவான். அதாம் மஸிலு. கான்டஸாவுக்கு எட்டு சிலிண்டரு இல்லதான். ஆனா அம்பாசடரும் பியட்டும் மொனகிக்கிட்டுப் போற ரோட்டுல, ஜப்பான்காரன் ஐசுசு எஞ்சினோட இது வந்து நின்னுச்சே, அன்னிக்கு அதுக்கு முன்னால யாரு நின்னா? எந்த ரோட்டுல நிக்குதுன்னும் பாக்கணும்ல?"

இருளாண்டி மகள் காதோரம் குனிந்தார். "ஏன் ஆத்தா, மாட்டுவண்டிப் பந்தயத்துல பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிப்பாகல்ல, அதுதானா இது?"

"அதேதான்யா. பல்லைப் பிடிச்சுப் பாக்குறதுக்குப் பதிலா சிலிண்டரை எண்ணுறாங்க." அதோடு அவள் விட்டிருக்கலாம். விடுகிற வாய் இல்லை அது. "பாய், நீங்க சொல்ற கணக்குப்படி பாத்தா இங்கன நிக்குற ஒண்ணுகூட மஸில் கார் இல்ல. நட்டு முடுக்குறவன் சம்பளத்துல இதுல எத வாங்குவான்? எங்கய்யா இந்த வண்டிய ஆயுசு பூரா ஓட்டுனாக. வாங்குறத விடுங்க, பின் சீட்டுல உக்காரவே இன்னைக்குத்தான் வந்திருக்காக. இதெல்லாம் மஸில் கார் இல்ல. மைனர் கார்."

காஜா நவாஸுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மாஷா அல்லாஹ்! அடுத்த வருஷம் போஸ்டர்லயே அத அடிச்சுருவோம். ஏன்மா, ஒன்னைய ஷோரூம்ல பாத்திருக்கேனே, நீ விக்கிற பேட்டரி வண்டி எதுல சேத்தி?"

"அதுவா? மிதிச்சா இங்கன நிக்கிற அத்தனையையும் வாயில போட்டுக்கிட்டுப் போயிரும். பலமெல்லாம் எக்கச்சக்கமா இருக்கு. ஆனா ஓட்டுறவுகளுக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்காது. வாங்க வாரவுகளும் பலம் எவ்வளவுன்னு கேக்குறதில்ல பாய், ஸ்கிரீன் எத்தன இஞ்சுன்னு கேக்குறாக."

பாண்டித்துரை வேகமாக வந்து அவள் முழங்கைப் பக்கம் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செல்வி, வாயக் கொற. அப்புறம்... கோயம்புத்தூர்க்காரரு இந்த வண்டிலதான் வாராரு. நானும் அவரும் பின்னாடி உக்காருறோம். முன் சீட்டுல அவரு தம்பி. அவரு வண்டிய டிரைவர் கொண்டாந்துருவான். இருளாண்டி சங்கத்து ரிப்பேர் வேன்ல ஏறி வரட்டும்."

செல்வி அவரையே பார்த்தாள். "என்ன பேசுனோம் சார்?"

"பேசுனோம், இல்லங்கல. யேவாரம் நடக்குற எடத்துல போயி இதப் பெருசு பண்ணிக்கிட்டு... வேன்லயும் சீட்டுத்தான இருக்கு?"

"ஆமாத்தா," என்றார் இருளாண்டி அவசரமாக. "வேன்ல காத்தோட்டமா இருக்கும். நான் அங்கனயே வாரேன். சின்னய்யா சொல்றது சரிதான்."

அந்த 'சரிதான்' அவளுக்கு எங்கே போய்த் தைத்தது என்று பாண்டித்துரைக்குத் தெரிய வாய்ப்பில்லை. மினி பஸ்ஸுக்கு ஓடிய அன்றைக்கும் அய்யா இதே குரலில்தான், "பஸ்ஸே வேகமாப் போகும் தாயி" என்று சொல்லிக்கொண்டு ஓடினார்.

காஜா நவாஸ் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு கான்டஸாவிடம் வந்தார். பானெட்டைத் திறந்து பார்த்து, "எஞ்சின் சுத்தம். யாரு வேலை? நீயா? நல்லா இருக்கு" என்றார். கோயம்புத்தூர்க்காரர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "பாடி எப்படிம்மா? துரு கிரு ஒண்ணும் இல்லியே?" என்று காஜா நவாஸ் கேட்டார்.

பாண்டித்துரை முந்திக்கொண்டார். "பொட்டுத் துரு கெடையாது பாய். ஷெட்டை விட்டு வெளிய வராத வண்டி."

செல்வி நடந்து பின்னால் போனாள். டிக்கியைத் திறந்தாள். தானே அளந்து வெட்டிப் போட்ட ரப்பர் மேட்டை, ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டி எடுத்துக் கீழே போட்டாள்.

ஓட்டை வழியாக மைதானத்துப் புல் தெரிந்தது.

"அல்லாவே," என்றார் காஜா நவாஸ். குனிந்து, விரலால் ஒரு பொருக்கை எடுத்து நாக்கில் வைத்தார். "உப்பு! கடல் மண்ணையா உள்ள வச்சிருந்தீங்க? எங்க ஊருல மீன் ஏத்துற வண்டிக்காரன்கூட சாயங்காலம் ஆனா நல்ல தண்ணி ஊத்திக் கழுவுவான். கழிவு ஆயில எடுத்து அடியில பூசுவான். நீங்க என்னடான்னா மண்ணைக் கொண்டுபோயி இரும்புக்குள்ள குடி வச்சிருக்கீங்க!"

"சேது மண்ணுங்க," என்றார் இருளாண்டி. அவருக்கு மட்டும்தான் பதில் சொல்லத் தோன்றியது. "சாமி மண்ணு. பெரியய்யா போடச் சொன்னாக."

கோயம்புத்தூர்க்காரர் செல்போனை எடுத்து யாரையோ கூப்பிட்டபடி தன்னுடைய மஸ்டாங்கை நோக்கி நடந்தார். பாண்டித்துரையின் முகம் கறுத்துவிட்டது. ஆத்திரத்தை மகள்மேல் காட்ட முடியாமல் அப்பன்மேல் காட்டினார்.

"ஒனக்குக்கூடவா தெரியாது இருளாண்டி? நீதான வருஷா வருஷம் தூக்கிப் போட்ட? வண்டிய நாசம் பண்ணிட்டியே!"

"சார்!" செல்வியின் குரலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பினார்கள். "போடச் சொன்னது உங்க அப்பா. எடுக்கக்கூடாதுன்னதும் உங்க அப்பா. எங்கய்யா சொமந்தாக, அம்புட்டுத்தான். புண்ணியம் வந்தா உங்களுக்கு, துரு வந்தா எங்களுக்கா?"

பாண்டித்துரை வாயைத் திறந்து, சுற்றிலும் நீண்டிருந்த செல்போன்களைப் பார்த்து, மூடிக்கொண்டார். "ஊர்வலத்துக்கு நம்பர் ஒட்டியாச்சு. கடைசி வண்டியா ஓட்டிட்டு வா. அங்கன வச்சுப் பேசிக்குவோம்." கோயம்புத்தூர்க்காரரைச் சமாதானப்படுத்த அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மஸ்டாங்கிடம் ஓடினார். அதில் பின் சீட்டு என்று பேருக்குத்தான் இருக்கும். முட்டி மோவாயில் இடிக்க மடங்கி உட்கார்ந்து அவர் போவதை எல்லாரும் பார்த்தார்கள்.

கான்டஸா காலியாக நின்றது. செல்வி பின் கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுய்யா."

இருளாண்டி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"செருப்பைப் போடுய்யா!"

போட்டுக்கொண்டு ஏறினார். வெல்வெட்டின் நுனியில் உட்கார்ந்தார். சாயவில்லை. முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். செல்வி கதவைச் சாத்தினாள். கனமான அந்தக் கதவு 'தொப்' என்று அடங்கி மூடுகிற சத்தம். எத்தனையோ காலையில் அய்யா பெரிய வீட்டு வாசலில் அதை மூடி அவள் கேட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் அவள் மூடினாள்.  போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள்.

ஊர்வலத்தின் வாலில் அவர்கள் போனார்கள். உச்சிப்புளி தாண்டி, மண்டபம் தாண்டியும் இருளாண்டி சீட்டில் சாயவே இல்லை. கண்ணாடியில் அவருடைய பாதி முகம்தான் தெரிந்தது. பாம்பன் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல் விரிந்தது. இடது பக்கம் புது ரயில் பாலத்தின் தூக்குக் கோபுரம் வெயிலில் நின்றது.

"நாந்தான ஆத்தா சொமந்து போட்டேன்," என்றார் திடீரென்று.

செல்விக்குச் சுருக்கென்றது. மேட்டை உருவியபோது பாண்டித்துரையின் முகம் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பின்னால் நின்ற முகத்தை அவள் நினைக்கவில்லை.

"ஒன்னையச் சொல்லலய்யா நான்."

"தெரியும். இருந்தாலும் எங் கையாலதான விழுந்துச்சு. பாத்துப் பாத்துத் தொடச்ச வண்டி. ஒரு கீறல் விழ விட்டுருப்பனா? உள்ளுக்குள்ள நானே விசத்த வச்சிருக்கேன்."

 கோபத்துக்கு அவளிடம் எத்தனையோ வார்த்தை உண்டு. இதற்கு இல்லை. தங்கச்சிமடத்தில் மாதா கோயில் பூசை முடிந்து வந்துகொண்டிருந்தவர்கள் கடைசி வண்டிக்கும் கை காட்டினார்கள். இருளாண்டி பதிலுக்குக் கை காட்டலாமா என்று யோசித்து, பாதி தூக்கி, இறக்கிக்கொண்டார்.

ராமேஸ்வரம் தாண்டித் தனுஷ்கோடிச் சாலையில் திரும்பியதும் அவர் முன்னால் குனிந்தார்.

"ஆத்தா, வண்டி நல்லா ஓடுதா?"

"என்னய்யா கேள்வி இது? ஓடித்தான வந்துக்கிட்டிருக்கோம்?"

"இல்ல... இங்கன ஒண்ணுமே தெரியல. அதான் கேட்டேன்."

"என்ன தெரியல?"

"ஒண்ணுமே. தொட்டில் கணக்கா ஆடுது. சத்தம் எங்கிட்டோ அடுத்த தெருவுல கேக்குது. நீ கியர் மாத்துறது தெரியல, இழுக்குறது தெரியல. பஸ்ஸு மாதிரியில்ல இருக்கு." கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "பெரியய்யா ஏறுன கொஞ்ச நேரத்துல தூங்கிருவாக. நம்ம ஓட்டுறது மேல அம்புட்டு நம்பிக்கைன்னு நெனச்சு எனக்குப் பெருமையா இருக்கும். பாவம், ஒண்ணும் தெரியாமத்தான் தூங்கியிருக்காக! இம்புட்டுக் காசு குடுத்து வாங்கி, வண்டி எப்படி இருக்கும்னே பாக்காமப் போயிட்டாகளே அந்த மனுசன்."

செல்விக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. இரண்டையும் கடித்துக்கொண்டாள்.

"ஓரங்கட்டு. நான் முன்னாடி வாரேன்."

"அதெல்லாம் கெடையாது. அங்கனயே உக்காரு. இதுக்காகத்தான் நான் இம்புட்டுச் சண்டை போட்டேன்."

"சண்டை போட்டது சரிதான் ஆத்தா. ஒக்காந்து பாத்தாத்தான இங்கன ஒண்ணும் இல்லன்னு தெரியும்? இம்புட்டு நாளும் என்னமோ இருக்கும்னுல்ல நெனச்சுக்கிட்டுக் கதவைத் தொறந்து விட்டேன்."

முகுந்தராயர் சத்திரம் தாண்டி, சவுக்குத் தோப்பு ஓரமாக நிறுத்தினாள். அவரே இறங்கி, கதவைச் சாத்தி, முன் கதவைத் திறந்து ஏறி, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பெல்ட்டை அவள்தான் மாட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பினாள். முன்னால் போன வண்டிகள் ஒன்றுகூடக் கண்ணில் தெரியவில்லை. ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடந்தது. ஒரு பக்கம் அந்தக் கரையில் ஆண்கடல் என்று சொல்கிற கடல் அடித்துக்கொண்டிருந்தது, மறுபக்கம் பெண்கடல் என்கிற கடல் அசையாமல் கிடந்தது.

"ரெண்டுல போடு," என்றார். "போட்டு முழுசா அமுத்து. பயப்படாத, பின்னாடி ஒரு உதை உதைக்கும். உதைக்கட்டும்."

"எனக்குப் பயமா? யாருகிட்டச் சொல்ற?"

கிளட்ச்சை மிதித்து இரண்டாவதில் தள்ளி, ஆக்ஸிலேட்டரை அடிவரைக்கும் அமுக்கினாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மூக்கு மேலே எழும்பி, பின்பக்கம் பதிந்து, மணல் படிந்த ரோட்டில் பின் சக்கரம் கீச்சிட்டு ஒரு வெட்டு வெட்டியது. சீட்டு முதுகில் அறைந்தது. சாக்கு இல்லாத வால் சற்றே இடது பக்கம் ஒதுங்கி, அவள் ஸ்டியரிங்கைத் திருத்தியதும் நேரானது. கண்மாய்க் கரைத் திருப்பத்தில் கேட்ட அதே சத்தம். ஆனால் இத்தனை வருஷம் அவள் கேட்டது அதன் வெளிப்பக்கத்தை. உள்ளே அது இப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அய்யா ஒருத்தருக்குத்தான் தெரிந்திருந்தது; அவரும் சொன்னதில்லை. காரோட்டிக்கு அது பிடித்திருக்கிறது என்று சொன்னால் யார் கேட்டிருப்பார்கள்?

"எப்படி?" என்று கத்தினார் இருளாண்டி. காற்றில் வேட்டி படபடத்தது. பார்வை மங்கிய கண்களை நேராக ரோட்டில் வைத்திருந்தார்.

"ஏய்யா, இதத்தான் நீ டெய்லி வச்சுக்கிட்டு இருந்தியா?"

அவர் வாய் விட்டுச் சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பு அவரிடம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"அதிரும்போது சொல்லு," என்றார், "மூணுக்கு மாத்தலாம்." சொல்லிவிட்டுப் பொறுக்காமல் அவரே கையை நீட்டி, கியர்மேல் இருந்த அவள் கையின்மேல் வைத்தார். காய்த்துப்போன அந்தக் கைக்குக் கண் தேவைப்படவில்லை. அவள் கிளட்ச்சை மிதித்தாள். இரண்டு கையும் சேர்ந்து மூன்றாவதில் தள்ளின.

டாஷ்போர்டில் கிடந்த அவள் செல்போன் அடித்தது. திரையில் பாண்டித்துரையின் பேர்.

"சின்னய்யாவா?" என்று கேட்டார் இருளாண்டி.

"ஆமா."

"அடிக்கட்டும்," என்றார் இருளாண்டி. "வண்டி ஓட்டும்போது போனு எடுக்கக்கூடாது."